லாடோ வீட்டு வேப்பங்கொத்து

யாருக்காவது உடம்பு சரியில்லை என்று காதில் விழுந்தால் போதும், கேசரின் அப்பா கோர்தன்ராமுக்கு இருப்புக் கொள்ளாது. சிவப்புத் தலைப்பாகையை அவசர அவசரமாகச் சுற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

மனிதர்களை மட்டும்தான் விசாரிப்பார் என்றில்லை. ஒட்டகத்துக்குச் சுளுக்கு, எருமைக்கு வயிற்று வலி, ஆட்டுக்கு அஜீரணம், எதுவானாலும் கோர்தன்ராம்தான் முதல் ஆளாகப் போய் நிற்பார். நோயாளியைத் தடவிக்கொடுப்பார். வாயில் வெல்லம் ஊட்டுவார். பிறகு கட்டிலில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டே, தனக்குத் தெரிந்த எல்லா நோய்களைப் பற்றியும் பேசுவார். அதற்குள் நோயாளி தூங்கிவிடும்.

பீகானேருக்கு மேற்கே இருந்த அந்த ஊரில் வழக்கமே அப்படித்தான். மணல் காட்டில் வயலுக்கு ஒரு வீடாகச் சிதறிக் கிடக்கும் ஊர். ஒரு வீட்டில் மாடு படுத்தால் மற்ற வீட்டுக்காரர்கள் போய் விசாரித்தே ஆகவேண்டும். போகாதவர்களோடு பேச்சுவார்த்தை நின்றுவிடும். கேசரின் அப்பா மட்டும் இந்த விஷயத்தில் கொஞ்சம் கூடுதல்.

அந்த வருடம் மழை நன்றாகப் பெய்தது. கம்புப் பயிர் ஆள் உயரம் வளர்ந்தது. கூடவே ஈயும் கொசுவும் மாட்டு உண்ணியும் பெருகின. அவற்றோடு ஒரு நோயும் வந்து சேர்ந்தது. மாட்டுக்குக் காய்ச்சல் அடிக்கும். தோலில் எலுமிச்சங்காய் அளவுக்குக் கட்டி கட்டியாகக் கிளம்பும். ஊர்க்காரர்கள் அதை லம்பி என்றார்கள்.

கால்நடை மருத்துவமனை கம்பவுண்டர் ஓம்ஜி, பனிக்கட்டிப் பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு, வீடு வீடாகப் போய் நோய் வராத மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டு வந்தார். கேசர் வீட்டுக்கும் வந்தார்.

கேசர் வீட்டில் இருந்தது ஒரே ஒரு பசு. பெயர் லாடோ. அந்த ஊரில் லாடோ என்றால் செல்லம் என்று அர்த்தம். செல்லம் கொடுத்ததில் அதற்குக் கொம்பு கொஞ்சம் அதிகமாகவே முளைத்திருந்தது. கேசரின் அப்பா பிடித்தால் மட்டும் அசையாமல் நிற்கும். வேறு யார் கயிற்றைத் தொட்டாலும் ஓடும்.

"உங்க அப்பா எங்கம்மா?" என்று கேட்டார் ஓம்ஜி.

"கிழக்கு வயல்ல ஒரு மாட்டுக்கு லம்பியாம். விசாரிக்கப் போயிருக்காரு" என்றாள் கேசர்.

"சரியாப் போச்சு!" என்று தலையில் அடித்துக்கொண்டார் ஓம்ஜி.

கேசரின் அம்மா சுக்னி கயிற்றைப் பிடித்துப் பார்த்தாள். லாடோ அவளை இழுத்துக்கொண்டு வன்னி மரத்தை இரண்டு சுற்றுச் சுற்றியது. கேசர் வாலைப் பிடித்தாள். அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு மூன்றாவது சுற்றுச் சுற்றியது. ஓம்ஜி ஊசியை உயர்த்திப் பிடித்தபடி பின்னாலேயே ஓடிக் களைத்தார். "அடுத்த வாரம் வர்றேன். உங்க அப்பாவைக் கட்டிப் போட்டு வைங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் கோர்தன்ராம் மன நிறைவோடு வீடு திரும்பினார். "பாவம் அந்த மாடு. நான் தடவிக்கொடுத்ததும்தான் கண்ணையே திறந்துச்சு" என்றார். மீதி வெல்லத்தை அதே கையால் லாடோவுக்கு ஊட்டினார்.

அடுத்த வாரம் ஓம்ஜி வந்தபோது லாடோ ஓடவில்லை. தலையைத் தொங்கப் போட்டு நின்றது. உடம்பு கொதித்தது. கழுத்திலும் முதுகிலும் கட்டிகள் தெரிந்தன.

எப்போதும் எல்லாரையும் இழுத்துக்கொண்டு ஓடும் லாடோ இப்படி நிற்பதைப் பார்க்க கேசரால் முடியவில்லை.

"லாடோ செத்துப் போயிடுமா கம்பவுண்டர்ஜி?"

"சேச்சே! நல்லாப் பார்த்துக்கிட்டா முக்கால்வாசி மாடு பிழைச்சுக்கும்" என்றார் ஓம்ஜி. "இது கண்ணுக்குத் தெரியாத வைரஸ். நமக்கு வர்ற அம்மை மாதிரி, இது மாட்டுக்கு வர்ற ஒரு வகை அம்மை. மனுசங்களுக்கு ஒட்டாது. ஆனா மாட்டுக்கு மாடு ஒட்டும். நோய் வந்த மாட்டைக் கடிச்ச ஈயும் கொசுவும் உண்ணியும் அடுத்த மாட்டைக் கடிச்சாப் போதும். ஒரே தொட்டியில தண்ணி குடிச்சாலும் ஒட்டும். இந்த மாட்டைத் தொட்ட கையோட போய் இன்னொரு மாட்டைத் தொடவும் கூடாது."

கோர்தன்ராம் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "அப்போ... நான்தான் கொண்டுவந்தேனா?"

"ஈ கொண்டுவந்துச்சோ, கொசு கொண்டுவந்துச்சோ, உங்க வெல்லம் கொண்டுவந்துச்சோ, யாருக்குத் தெரியும்? இனிமே விசாரிக்கிறேன்னு எந்தக் கொட்டகைக்கும் போகாதீங்க. இந்தக் கொட்டகைக்கும் யாரையும் விடாதீங்க. அவ்வளவுதான்."

கோர்தன்ராம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். அவர் பேசாமல் இருந்ததை கேசர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

ஓம்ஜி காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார். காயத்துக்குப் பூச வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து வைக்கச் சொன்னார். லாடோவை வயல் ஓரத்துப் பழைய கொட்டகைக்கு மாற்றினார்கள். தனித் தொட்டி, தனி வாளி. வேப்பிலைப் புகை போட்டார்கள். அம்மா கல்யாணத்தில் சீதனமாகக் கொண்டுவந்த கொசுவலையை அதன் மேல் கட்டினார்கள். அதுநாள்வரை அந்த வலைக்குள் படுத்த அப்பா, இனிமேல் வெளியே படுத்துச் சொறிந்துகொள்ள வேண்டும். அவர் அதற்கும் வாயைத் திறக்கவில்லை.

எல்லாம் சரியாக நடந்தது. அப்போதுதான் போன் அடித்தது.

"கோர்தன் அண்ணே! லாடோவுக்கு லம்பியாமே? நாளைக்குக் காலையில குடும்பத்தோட வர்றோம்!"

வைத்ததும் மறுபடியும் அடித்தது. "நாங்க டிராக்டர்ல வர்றோம். வர்ற வழியில இன்னும் நாலு வீட்டையும் ஏத்திக்கிறோம்!"

அப்பாவின் முகம் வெளிறிவிட்டது. இத்தனை வருடமாக அவர் விசாரிக்காத வீடு அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒன்றுகூட இல்லை. அத்தனை வீடும் இப்போது திருப்பி விசாரிக்கக் கிளம்பிவிட்டது.

"வராதீங்கன்னு சொல்லிடுங்கப்பா" என்றாள் கேசர்.

"அதெப்படிம்மா சொல்றது? வாசலுக்கு வந்தவங்களை கோர்தன்ராம் திருப்பி அனுப்பினான்னு ஊரே பேசுமே!"

"எல்லாரும் லாடோவைத் தொட்டுட்டு அவங்கவங்க மாட்டுகிட்டதானே போவாங்க? கம்பவுண்டர்ஜி சொன்னதைக் கேட்டீங்கல்ல?"

அப்பா தைரியத்தை வரவழைத்துக்கொண்டு போனை எடுத்தார். "தம்பி, நாளைக்கு நீங்க... அதாவது, நாளைக்கு எங்க வீட்டுக்கு... என்ன சொல்ல வந்தேன்னா..." நெற்றி வியர்த்தது. "கண்டிப்பா வாங்க! சாப்பிட்டுட்டுதான் போகணும்!"

போனை வைத்துவிட்டு மகளைப் பரிதாபமாகப் பார்த்தார். "வாய் வரலம்மா."

"நல்லாத்தான் வந்துச்சு, சாப்பாடு வரைக்கும்!" என்று அம்மா சீறினாள்.

கேசருக்கு எல்லாரையும்விட ஹஸ்து அத்தையை நினைத்தால்தான் பயமாக இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கத்து வீடு. அவளுடைய பசு கவ்ரி நிறைமாதச் சினை. கேசருக்கு ஒரு வாய் ரொட்டி என்றால் அதில் கவ்ரியின் நெய் இல்லாமல் அத்தை கொடுக்கமாட்டாள். அவள் குடும்பம் நடப்பதே அந்த ஒரு மாட்டின் பாலில்தான். அத்தை நாளைக்கு லாடோவைத் தடவிவிட்டு நேரே கவ்ரியிடம் போவாள். பிறகு?

கேசர் எழுந்து லாடோவின் கொட்டகைக்குப் போனாள்.

வேப்பிலைப் புகை கண்ணைக் கரித்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டே அவள் யோசித்தாள். வேப்பிலை. போன வருடம் அவளுக்கே அம்மை போட்டிருந்தது. வீட்டு வாசலில் அம்மா வேப்பங்கொத்து கட்டினாள். அந்தக் கொத்தைப் பார்த்துவிட்டு ஒருவர்கூட உள்ளே காலடி வைக்கவில்லை. வெளியே நின்று "கேசர், எப்படியிருக்கே?" என்று கத்திவிட்டுப் போனார்கள். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஏன் வரக்கூடாது என்று கேட்கவும் இல்லை.

"அப்பா!" என்று துள்ளிக் குதித்தாள் கேசர். "நீங்க ஒண்ணும் சொல்லவேண்டாம். வேப்பங்கொத்து சொல்லிடும்!"

அப்பா விழித்தார். "மாட்டுக்கா? மாட்டுக்கு யாரும் கட்டினதில்லையேம்மா."

"இதுவும் அம்மைதான்னு கம்பவுண்டர்ஜியே சொன்னாரே!"

அப்பாவின் முகத்தில் மெல்ல வெளிச்சம் வந்தது. அவரே வேப்ப மரத்தில் ஏறி, கைக்கு எட்டிய கொத்துகளையெல்லாம் ஒடித்துப் போட்டார். வயல் வாசலில் இருந்த முள்வேலிப் படலின் இரண்டு பக்கமும் பச்சைப் பசேலென்று கட்டினார்கள். அம்மா அடுப்பைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே வன்னி மரத்தடியில் வைத்தாள். "வந்தவங்களுக்கு டீயும் உண்டு, நிழலும் உண்டு. மாடு மட்டும் இல்லை" என்றாள்.

மறுநாள் காலையில் டிராக்டர் வந்தது. பின்னால் வண்டி நிறையத் தலைப்பாகைகள். எல்லாரும் குதித்து இறங்கி, வெல்லப் பொட்டலங்களோடு வேகமாக நடந்தார்கள். படலுக்கு முன்னால் வந்ததும் சட்டென்று நின்றார்கள்.

"வேப்பங்கொத்து!" என்றார் ஒருவர்.

"யாருக்கு?" என்று எட்டிப் பார்த்தார் இன்னொருவர்.

"லாடோவுக்கு!" என்று உள்ளேயிருந்து கத்தினாள் கேசர்.

மிகவும் வயதான பெரியவர் ஒருவர் வேப்பங்கொத்தை நோக்கிக் கும்பிட்டார். வாயில் கையைக் குவித்து, "லாடோ! எப்படியிருக்கேம்மா?" என்று குரல் கொடுத்தார்.

கொசுவலைக்குள் இருந்து "ம்மா..." என்று பலவீனமாக ஒரு சத்தம் வந்தது.

"பதில் சொல்லுது பாரு!" என்று எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். ஆளாளுக்குக் கத்தி விசாரித்தார்கள். மரத்தடியில் டீ குடித்தார்கள். தங்களுக்குத் தெரிந்த எல்லா நோய்களைப் பற்றியும் பேசினார்கள். கோர்தன்ராம் படலுக்கு உள்ளே நின்றபடி பதிலுக்குப் பேசினார். ஒருவருக்கும் மனக்குறை இல்லை.

கேசர் நிம்மதியாக மூச்சு விட்டாள். விட்ட மூச்சு பாதியில் நின்றுவிட்டது.

வீட்டில் லாடோவைத் தவிர ஒரு ஆட்டுக்கிடாயும் உண்டு என்பதை அவர்கள் மறந்தே போயிருந்தார்கள். அதன் பெயர் தரோகா. போலீஸ் அதிகாரியை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். ஊரில் யார் வீட்டுக்குள்ளும் கேட்காமல் நுழைவதால் அந்தப் பெயர். அது இப்போது படலின் இந்தப் பக்கத்துக் கொத்தை முழுவதும் மென்று முடித்துவிட்டு, அந்தப் பக்கத்துக் கொத்தின் கடைசி இலையை ரசித்துத் தின்றுகொண்டிருந்தது.

அதே நேரத்தில் வயல் வரப்பில் ஹஸ்து அத்தை வந்தாள். கையில் வெல்லம். படலில் வெறும் குச்சிதான் தொங்கியது. அவள் படலைத் தள்ளிக்கொண்டு ஒரு காலை உள்ளே வைத்துவிட்டாள்.

"அய்யோ, என் லாடோ! நான் வர்றதுக்குள்ள இத்தனை பேரா?"

கேசர் ஓடினாள். வழியில் புகை போட வைத்திருந்த வேப்பிலைக் குவியலில் கையை விட்டு அள்ளினாள். கட்ட நேரமில்லை. சடையில் இரண்டு கொத்து, காதுக்குப் பின்னால் இரண்டு கொத்து, வாயில் ஒரு கொத்து. கைகளை விரித்துக்கொண்டு அத்தைக்கு முன்னால் போய் நின்றாள்.

"இது என்னடி கோலம்?" என்றாள் அத்தை.

கேசர் பதில் சொல்வதற்குள் தரோகா அவளைப் பார்த்துவிட்டது. நடக்கும் வேப்ப மரத்தை அது வாழ்க்கையில் கண்டதில்லை. தலையைக் குனிந்துகொண்டு பாய்ந்தது. கேசர் படலுக்கு முன்னாலேயே வட்டமடித்து ஓடினாள். தரோகா அவள் சடையைப் பிடிக்கத் துரத்தியது. மரத்தடியில் இருந்தவர்கள் டீயைச் சிந்திக்கொண்டு சிரித்தார்கள். அத்தையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆனால் அவள் வைத்த கால் வைத்தபடியே இருந்தது.

கேசர் மூச்சிரைக்க அவள் முன்னால் வந்து நின்றாள். வாயிலிருந்த கொத்தைத் துப்பினாள்.

"அத்தை, கவ்ரிக்கு எப்போ கன்னு?"

"இன்னும் பத்து நாள்ல. அதுக்கென்ன இப்போ?"

"லாடோவைத் தடவின கையோட வீட்டுக்குப் போனா, கவ்ரிக்கு எந்தக் கையால தவிடு வைப்பீங்க?"

அத்தையின் சிரிப்பு நின்றது. அவள் தன் வலது கையைப் பார்த்தாள். பிறகு இடது கையைப் பார்த்தாள். உள்ளே கொசுவலைக்குள் மங்கலாகத் தெரிந்த லாடோவைப் பார்த்தாள். உள்ளே வைத்த காலை மெதுவாக வெளியே எடுத்தாள்.

"கவ்ரிக்கு இன்னும் அந்த ஊசிகூடப் போடலடி" என்றாள். "எனக்குத் தோணவே இல்லையே."

"கம்பவுண்டர்ஜிக்கு இப்பவே போன் பண்றேன்!" என்று கோர்தன்ராம் உள்ளேயிருந்து கத்தினார். இந்தத் தடவை அவருக்கு வாய் தாராளமாக வந்தது. "இங்க வேற யார் வீட்டு மாட்டுக்கு ஊசி போடலை? கையைத் தூக்குங்க!"

டீ டம்ளர்களோடு சில கைகள் வெட்கத்துடன் உயர்ந்தன.

அத்தை வெல்லத்தைப் படலின் ஓரத்தில் வைத்துவிட்டு, "நல்லா ஆகிடணும் லாடோ" என்று குரல் கொடுத்தாள். லாடோ பதில் சொல்வதற்குள் தரோகா வெல்லத்தைத் தின்றுவிட்டது. அதைக் கட்டிப் போட்டார்கள்.

அன்றைக்குச் சாயங்காலமே கவ்ரிக்கு ஊசி போட்டார் ஓம்ஜி. அதன் பிறகு கோர்தன்ராமும் சும்மா இருக்கவில்லை. விசாரிக்காமல் அவரால் இருக்க முடியுமா என்ன? கையைக் கழுவி, வேட்டியை மாற்றிக்கொண்டு போவார். ஒவ்வொரு வீட்டுப் படலுக்கும் வெளியே நின்று, "மாட்டைத் தனியாக் கட்டினீங்களா? புகை போட்டீங்களா? ஊசி போட்டாச்சா?" என்று கத்துவார். உள்ளே மட்டும் போகமாட்டார். அவர் வருவதற்கு ஒரு வயல் முன்பே குரல் வந்துவிடும் என்று ஊரில் கேலி செய்தார்கள்.

லாடோவின் காய்ச்சல் இறங்கியது. பிறகு கட்டிகள் உடைந்து ஆறத் தொடங்கின. ஒரு நாள் காலையில் கேசர் தண்ணீர் வைக்கப் போனபோது, லாடோ கொசுவலையைக் கொம்பில் மாட்டிக்கொண்டு வயலெல்லாம் ஓடியது. பின்னாலேயே அம்மா, "என் சீதனம்! என் சீதனம்!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். கேசருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் சேர்த்துச் செய்தாள்.

அடுத்த நாள் கவ்ரி கன்று போட்டது. செவலைக் கன்று. நெற்றியில் வெள்ளைப் பொட்டு.

அப்பாவும் கேசரும் பார்க்கப் போனார்கள். ஹஸ்து அத்தை வீட்டுப் படலில் தரோகாவுக்கு எட்டாத உயரத்தில் வேப்பங்கொத்து தொங்கியது. அத்தை உள்ளேயே நின்று, கன்றைக் கஷ்டப்பட்டுத் தூக்கி வேலிக்கு மேலே காட்டினாள். அது நான்கு காலையும் உதறியது.

"பெயர் வச்சாச்சு. நீம்டி. வேப்பங்குட்டி!" என்றாள் அத்தை. கன்றை இறக்கிவிட்டு, சீம்பாலில் வெல்லம் போட்டுக் காய்ச்சியதை ஒரு கிண்ணம் நிறைய வேலிக்கு மேலாக நீட்டினாள்.

கோர்தன்ராம் ஆசையோடு கையை நீட்டினார். அத்தை கிண்ணத்தைச் சட்டென்று பின்னுக்கு இழுத்தாள்.

"கையைக் கழுவினீங்களா அண்ணே?"

"கிளம்பறப்பவே கழுவினேனே!"

"வர்ற வழியில யாரைத் தொட்டீங்க?"

அவர் யோசித்தார். "நம்ம தரோகாவை. லேசா."

"போய்க் கழுவிட்டு வாங்க. சோப்புப் போட்டு!"

கிண்ணம் கேசரின் கைக்கு வந்தது. அவள் கை எப்போதோ கழுவித் தயாராக இருந்தது. கோர்தன்ராம் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினார். சோப்புப் போட்டு, விரல் இடுக்கெல்லாம் தேய்த்து, நுரை போகக் கழுவிவிட்டு அவர் திரும்பி ஓடி வந்தபோது, கேசர் கிண்ணத்தின் அடியை வழித்து நக்கிக்கொண்டிருந்தாள்.